கொலோனோஸ்கோபி மயக்கமும் கேப்னோகிராஃபும்: ஒரு மயக்க மருத்துவரின் மதிப்பீடு

கேமரா பொருத்திய குழாயை (ஸ்கோப்) பெருங்குடலுக்குள் செலுத்திப் பார்க்கும் கொலோனோஸ்கோபி அறையில் மூச்சைக் கண்காணிக்கும் கேப்னோகிராஃப் கருவி வேண்டுமா, இருக்கிற பல்ஸ் ஆக்சிமீட்டரே போதாதா என்ற கேள்வியை மருத்துவமனை நிர்வாகிகளும், புதிதாக எண்டோஸ்கோபி பிரிவு தொடங்கும் குடல் மருத்துவர்களும், சில வேளைகளில் பரிசோதனைக்கு வரவிருக்கும் விவரமறிந்த நோயாளிகளும் கேட்கிறார்கள். இத்தகைய அறையில் மயக்கம் கொடுப்பதே என் வேலை என்பதால், அன்றாடம் கையாளும் இந்தக் கருவியைப் பற்றிய என் மதிப்பீட்டை இங்கே எழுதுகிறேன். மூக்குக் குழாய் வழியாக மூச்சுக்காற்றைச் சிறிதளவு உறிஞ்சி, அதிலுள்ள கார்பன் டை ஆக்சைடை அளந்து, மானிட்டர் திரையில் அலையாக வரைந்து காட்டும் வகையைத்தான் எடுத்துக்கொள்கிறேன். எந்த நிறுவனம் செய்தாலும் இவ்வகையின் நிறைகுறைகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால் மாடல் பெயர்களுக்குள் போகவில்லை. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புரோபோஃபால் என்ற மயக்க மருந்தைக் கொடுத்து ஆழ்மயக்கத்தில் கொலோனோஸ்கோபி செய்யும் அறையில் இந்தக் கருவி இல்லாமல் வேலை செய்ய எனக்கு மனம் வராது. மிடாசோலம் என்ற தூக்கமூட்டும் மருந்தைச் சிறிதளவு கொடுத்து, நோயாளி கேட்டதற்குப் பதில் சொல்லும் நிலையிலேயே (அரைமயக்கத்தில்) வைத்துச் செய்யும் பரிசோதனைக்கு இது இருந்தால் நல்லது; இல்லை என்பதற்காகப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

இதன் அருமை புரிய வேண்டுமானால், வழக்கமான மானிட்டர் எதைக் காட்டுகிறது, எதைக் காட்டாமல் விடுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். இதயத் துடிப்பின் ஈசிஜி கோடு, சில நிமிடங்களுக்கு ஒருமுறை தானாக இறுகித் தளரும் இரத்த அழுத்தப் பட்டை, விரல் நுனியில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் ஆகிய மூன்றும் எல்லா இடங்களிலும் இருக்கும். இவற்றுள் எல்லோரும் கண் வைத்திருப்பது விரல்நுனிக் கருவி காட்டும் எண்ணின் மீதுதான். ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அவோயாகி 1970-களில் கண்டறிந்த தத்துவத்தில் இயங்கும் இக்கருவி, 660 நானோமீட்டர் சிவப்பு ஒளியையும் 940 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியையும் விரலுக்குள் செலுத்தி, இரத்தத்தில் ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் எத்தனை சதவீதம் என்பதைக் கணக்கிடுகிறது. அருமையான கருவி; மயக்கவியலைப் பாதுகாப்பானதாக மாற்றியதில் இதன் பங்கு பெரியது. ஆனால் இது சொல்வது இரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதைத்தான்; நோயாளி இப்போது மூச்சு விடுகிறாரா என்பதை இது சொல்வதில்லை.

இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள கால இடைவெளியில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. மயக்கம் கொடுக்கும்போது மூக்குக் குழாயில் ஆக்சிஜன் வைப்பது வழக்கம். அது சரியான வழக்கமும்கூட. அப்படி ஆக்சிஜன் பெற்றுக்கொண்டிருப்பவருக்கு மூச்சு மெதுவாகிப் போனாலும், அடைபட்டே போனாலும், நுரையீரலில் சேர்ந்திருக்கும் இருப்பு தீரும்வரை திரையில் 99, 98 என்றுதான் நிற்கும். இருப்பு தீரத் தொடங்கிய பிறகு இறக்கம் விரைவாகிவிடும், ஏனென்றால் 90 சதவீதம் என்பது தமனி இரத்தத்தில் ஏறக்குறைய 60 மி.மீ. பாதரச ஆக்சிஜன் அழுத்தத்துக்குச் சமம். அந்தப் புள்ளிக்குக் கீழே, அழுத்தத்தையும் சதவீதத்தையும் இணைக்கும் வளைகோடு செங்குத்தாகச் சரிகிறது. போதாததற்கு, விரல்நுனி மூளையையும் நுரையீரலையும் விட்டுத் தொலைவில் இருப்பதாலும், கருவி பல துடிப்புகளின் சராசரியை எடுத்துக் காட்டுவதாலும் எண் இன்னும் பின்தங்கும். குளிர்ந்த விரல், நகப்பூச்சு, அழுத்தப் பட்டை கட்டிய அதே கையில் மாட்டிய சென்சார் என்று மேலும் பல இடையூறுகள் உண்டு. தோலின் நிறமும் கணக்கில் வரும் என்பதை 2020-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு கவனப்படுத்தியது: கருவி 92 முதல் 96 சதவீதம் வரை காட்டிய வேளையில் உண்மையான தமனி அளவு 88-க்குக் கீழே இருந்தது வெள்ளையர்களில் 3.6 சதவீதம் என்றால், கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம். கருமையான தோலுடையவர்களைக் கையாளும் எவரும் 94 என்ற எண்ணைப் பார்த்துவிட்டு முழுதாக நிம்மதி அடையக்கூடாது.

கேப்னோகிராஃப் இந்த இடத்தில்தான் வேலைக்கு வருகிறது. கார்பன் டை ஆக்சைடு 4.3 மைக்ரோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு ஒளியை வலுவாக உறிஞ்சும் என்பதே இதன் அடிப்படை. மூக்கருகே வைத்த மெல்லிய குழாய் வழியாக, கருவிக்குத் தக்கபடி நிமிடத்துக்கு 50 மில்லி லிட்டரோ அதற்கு மேலோ காற்று உறிஞ்சப்பட்டு, ஒளிக்கற்றையின் குறுக்கே செலுத்தப்படுகிறது. மூச்சு வெளியேறும்போது கோடு மேலே எழும்பி, ஒரு சமவெளிபோல் நீண்டு, உள்ளிழுக்கும்போது சட்டெனத் தரைக்கு இறங்கும். சமவெளியின் கடைசிப் புள்ளியில் கிடைக்கும் அளவு, இயல்பான மூச்சில் 35 முதல் 45 மி.மீ. பாதரசம். மூச்சுக் குழாய் போட்டு வென்டிலேட்டரில் வைத்திருக்கும் நோயாளியிடம் அந்த எண்ணை நம்பலாம். மூக்குக் குழாயில், பக்கத்திலேயே பாயும் ஆக்சிஜனும் வெளிக்காற்றும் கலந்துவிடுவதால், எண்ணை அவ்வளவு நம்ப முடியாது. எனவே கொலோனோஸ்கோபியில் நான் பார்ப்பது முதலில் அலை இருக்கிறதா என்பதை, பிறகு அதன் வடிவத்தை, பிறகு நிமிடத்துக்கு எத்தனை என்பதை. எண் கடைசியில்தான் வரும்.

கொலோனோஸ்கோபியில் வலி ஒரே சீராக இருப்பதில்லை என்பது இந்தக் கருவியை வாங்கும் முன் அறிந்திருக்க வேண்டிய விஷயம். ஸ்கோப் ஆசனவாயில் நுழைந்து நேராகப் போகும்போது பெரிய தொல்லை இருக்காது. பெருங்குடலின் கடைசி வளைவான சிக்மாய்டு பகுதியில் ஸ்கோப் வளையமாகச் சுருண்டு குடலின் தாங்கு சவ்வை இழுக்கும்போதும், மண்ணீரல் பக்க வளைவைத் தாண்டும்போதும்தான் நோயாளி நெளிவார், முனகுவார், சில வேளைகளில் கையைத் தட்டிவிடுவார். அந்த நேரத்தில் குடல் மருத்துவர் மருந்து கேட்பார், கொடுப்போம். புரோபோஃபால் அரை நிமிடத்தில் மூளையை எட்டிவிடும். அதற்குள் மருத்துவர் ஸ்கோப்பைப் பின்னிழுத்துச் சுழற்றி வளையத்தை நேராக்கிவிட்டால், வலி ஒரு நொடியில் மறைந்துவிடும். மூச்சைத் தூண்டிக்கொண்டிருந்த வலி போய், மருந்து மட்டும் மிஞ்சும் அந்தக் கணத்தில்தான் மூச்சு நின்றுபோவதை அதிகமாகக் காண்கிறோம். மிடாசோலமும் வலிநீக்கியான ஃபென்டனிலும் சேர்த்துக் கொடுக்கும் அறைகளில் இதே கதை இன்னும் மெதுவாக நடக்கும். அவற்றின் உச்ச விளைவுக்குச் சில நிமிடங்கள் ஆகும் என்பதால், பொறுமையில்லாமல் அடுத்தடுத்துக் கொடுத்த ஊசிகள் எல்லாம் ஒன்றாக வந்து சேரும்.

அறையின் அமைப்பும் நமக்கு எதிராகவே இருக்கிறது. திரை தெளிவாகத் தெரிய வேண்டும் என்று விளக்கை மங்கலாக்கிவிடுவார்கள். உதடு நீலமாகிறதா என்று அந்த வெளிச்சத்தில் பார்ப்பது வீண் வேலை. நோயாளி இடப்பக்கம் சாய்ந்து, முழங்காலை மடக்கி, போர்வை போர்த்திப் படுத்திருப்பார். மார்பு ஏறி இறங்குவது பாதிதான் தெரியும். வயிற்றை அழுத்திப் பிடிக்கும் உதவியாளரின் முன்கை அந்தப் பாதியையும் மறைத்துவிடும். எல்லோருடைய கண்ணும் குடலின் உட்புறம் ஓடும் பெரிய திரையில் பதிந்திருக்கும். அந்தப் படம் சுவாரஸ்யமானது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். கழுத்து குட்டையாக, உடல் கனமாக இருந்த ஒருவருக்கு மண்ணீரல் வளைவில் ஸ்கோப் சிக்கி நெளியத் தொடங்கியதும், “டாக்டர், கொஞ்சம் கூடக் கொடுங்கள், அசைகிறார்” என்றார் குடல் மருத்துவர். சிறிய அளவு புரோபோஃபால் கொடுத்தேன். நெளிவு அடங்கியது, ஸ்கோப் நகர்ந்தது. திரையில் அதுவரை அகலமான மேடுகளாக ஓடிக்கொண்டிருந்த அலை முதலில் உயரம் குறைந்து சிறு முளைகளானது, பிறகு தட்டைக் கோடானது. மார்பும் வயிறும் மாறி மாறி அசைந்துகொண்டேதான் இருந்தன. மூச்சுவிட உடல் முயல்கிறது, நாக்கு பின்னால் சரிந்து வழியை அடைத்துக்கொண்டிருக்கிறது. விரல் எண் 99. தாடையின் இரு கோணங்களிலும் விரல் வைத்து முன்னோக்கித் தூக்கியதும் தொண்டையில் ஒரு பெரிய குறட்டைச் சத்தம் எழுந்தது, அலை திரும்பியது. முதல் மேடு வழக்கத்தைவிட உயரமாக, 50-ஐத் தாண்டி நின்றது. மூச்சு ஒழுங்காகி, நான் தாடையைப் பிடித்தபடி மூன்று நான்கு அலைகளைப் பார்த்த பிறகுதான் விரல் எண் 96-க்கு இறங்கி, மறுபடி ஏறியது. பல்ஸ் ஆக்சிமீட்டரை மட்டும் நம்பியிருந்தால், சிக்கல் தீர்ந்துவிட்ட பிறகுதான் அது சிக்கலைப் பற்றிச் சொல்லியிருக்கும். சிக்கல் தீராமல் இருந்திருந்தால், சொல்லும்போது கையில் நேரம் குறைவாக இருந்திருக்கும். குடல் மருத்துவர் கடைசிவரை தலையைத் திருப்பவில்லை, திருப்ப வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

அலையைப் படிக்கக் கற்றுக்கொள்ளாமல் கருவியை வாங்குவது பணவிரயம் என்பதையும் சொல்லியாக வேண்டும். மூச்சு குறைந்தால் கார்பன் டை ஆக்சைடு ஏறும் என்று பாடத்தில் படித்தவர்கள், ஏறுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஃபென்டனில் போன்ற ஓபியாய்டு மருந்துகள் மூச்சின் எண்ணிக்கையைக் குறைக்கும்போது அப்படித்தான் நடக்கும்: அலைகள் உயரமாகவும் அரிதாகவும் வரும். புரோபோஃபாலும் மிடாசோலமும் பெரும்பாலும் வேறு வகையில் கெடுக்கின்றன. எண்ணிக்கை ஓரளவு அப்படியே இருக்க, ஒவ்வொரு மூச்சும் ஆழமற்றுப் போகிறது. வெளிவரும் காற்றில் பெரும்பகுதி மூச்சுக்குழாய்களில் தேங்கியிருந்த பயனற்ற காற்றாகவே இருப்பதால், அளவு ஏறாமல் இறங்குகிறது. இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு கூடிக்கொண்டிருக்க, திரையில் 25 என்று காட்டும். புதிதாக வரும் செவிலியர்களுக்கும் டெக்னீஷியன்களுக்கும் நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்: மயக்கம் தொடங்கும் முன் நோயாளி விழித்திருக்கும்போது வரும் அலையைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், அதிலிருந்து பாதியாகக் குறைந்தாலும் கணிசமாக உயர்ந்தாலும் சொல்லுங்கள்.

இனி குறைகள். முதலும் முக்கியமானதும் பொய் அலாரம். மயக்கத்தில் வாய் திறந்துகொண்டால் மூச்சு வாய் வழியே போய்விடும்; மூக்கில் மட்டும் துளை வைத்த குழாய், நோயாளி நன்றாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதே மூச்சு நின்றுவிட்டது என்று கூச்சலிடும். வாய்க்கு முன்னால் ஒரு சிறு நீட்சி வைத்த குழாய்களில் இந்தத் தொல்லை வெகுவாகக் குறைகிறது. வாங்குவதானால் அந்த வகையையே வாங்க வேண்டும். இடப்பக்கம் சாய்ந்து படுக்கும்போது தலையணை கன்னத்தை அழுத்தி, கீழ்ப்பக்க நாசியிலிருந்து குழாயின் முனையை வெளியே தள்ளிவிடும். பரிசோதனையின் நடுவில் மல்லாக்கத் திருப்பிப் படுக்க வைக்கும்போது குழாய் இழுபட்டுக் கழன்றுவிடும். காதுக்குப் பின்னால் சுற்றி, கன்னத்தில் இரண்டு இடங்களில் பிளாஸ்திரி ஒட்டுவது சின்ன வேலை. அதைச் செய்யாத அறைகளில் கருவியைக் குறை சொல்வார்கள். நீண்ட நேரப் பரிசோதனைகளில் மூச்சின் ஈரம் குழாயில் துளிகளாகத் தேங்கி அடைத்துக்கொள்ளும்; குழாயைக் கழற்றிப் புதிது மாட்ட வேண்டும். அந்தக் குழாய் ஒவ்வொரு நோயாளிக்கும் புதிது என்பதும், கருவியின் விலையைவிடக் காலப்போக்கில் அதன் செலவே கூடுதலாக நிற்கும் என்பதும், விற்பனையாளர் கடைசியில்தான் சொல்லும் செய்திகள்.

ஆலையிலிருந்து வரும்போது அமைத்திருக்கும் அலாரம் எல்லைகள் கொலோனோஸ்கோபிக்குப் பொருந்துவதில்லை. எண் கொஞ்சம் தாழ்ந்தாலே மணியடிக்கும்படி வைத்திருப்பார்கள். மூக்குக் குழாயில் எண் தாழ்வது இயல்பு என்பதால் அறை முழுக்கச் சத்தமாக இருக்கும். இரண்டு நாளில் யாராவது ஒலியை அணைத்துவிடுவார்கள். அப்புறம் அது இருந்தும் ஒன்றுதான், இல்லாமலும் ஒன்றுதான். எண்ணுக்கான கீழ் எல்லையைத் தாராளமாகத் தளர்த்திவிட்டு, மூச்சு நின்றதைச் சொல்லும் அலாரத்தை மட்டும் கறாராக வைப்பது என் வழக்கம். குடலை விரிக்கப் பல இடங்களில் காற்றுக்குப் பதில் கார்பன் டை ஆக்சைடையே செலுத்துகிறார்களே, அது இந்த அளவீட்டைக் குழப்பாதா என்றும் சிலர் கேட்கிறார்கள். குடலில் செலுத்தும் வாயு இரத்தத்தில் கலந்து நுரையீரல் வழியாகத்தான் வெளியேறுகிறது. அளவு சற்றுக் கூடலாம், ஆனால் அலை வருகிறதா இல்லையா என்பதை அது மாற்றாது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று பார்த்தால், இரு பக்கமும் சாட்சி கிடைக்கிறது. ஜெர்மனியில் புரோபோஃபால் கொடுத்து கொலோனோஸ்கோபி செய்த 760 பேரிடம் நடத்தி 2012-இல் வெளியான ஆய்வில், வழக்கமான கண்காணிப்பில் இருந்தவர்களில் 53.2 சதவீதம் பேருக்கு ஆக்சிஜன் குறைந்தது. கேப்னோகிராஃபும் சேர்த்துப் பார்த்தவர்களில் அது 38.9 சதவீதம். ஐந்து புள்ளி இறங்கினாலே குறைவு என்று அந்த ஆய்வில் கணக்கிட்டதால்தான் எண்கள் இவ்வளவு பெரிதாக இருக்கின்றன. அதற்காகப் பாதிப்பேர் ஆபத்தில் சிக்கினார்கள் என்று படிக்கக்கூடாது. மறுபுறம், பெரிய நோய் எதுவும் இல்லாதவர்களுக்கு மிடாசோலம் வகையும் ஓபியாய்டும் கொடுத்து அரைமயக்கத்தில் செய்த பரிசோதனைகளை ஆராய்ந்து 2016-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு, கேப்னோகிராஃபால் ஆக்சிஜன் குறைவு தடுக்கப்படவில்லை என்று கண்டது. இந்த இரண்டும் ஒன்றையொன்று மறுப்பதாகச் சிலர் பேசுவதை நான் ஏற்கவில்லை. ஒன்று ஆழ்மயக்கம், மற்றொன்று அரைமயக்கம்; மூச்சு நிற்கும் வாய்ப்பு கூடுதலான இடத்தில் கருவி பயன்பட்டது, குறைவான இடத்தில் பயன்படவில்லை. வழிகாட்டு நெறிகளிலும் இந்த வேறுபாடு தெரிகிறது. அமெரிக்க மயக்க மருத்துவர் சங்கம் அரைமயக்கத்துக்கும் ஆழ்மயக்கத்துக்கும் வெளிமூச்சுக் கார்பன் டை ஆக்சைடு கண்காணிப்பை 2011 ஜூலை முதல் தன் அடிப்படைத் தரத்தில் சேர்த்தது. ஐரோப்பிய இரைப்பைக் குடல் எண்டோஸ்கோபி சங்கத்தின் 2015 நெறியோ, ஆபத்து மிகுந்த நோயாளிகள், ஆழ்மயக்கம், நீண்ட நேரப் பரிசோதனை என்று குறிப்பிட்ட சூழல்களுக்கு அதைப் பரிந்துரைத்தது. நடைமுறையில் நான் ஐரோப்பிய நெறியின் பக்கம் சாய்பவன். ஆனால் அரைமயக்கம் என்று தொடங்கியது எந்த நிமிடத்தில் ஆழ்மயக்கமாக மாறும் என்பதை எழுதித் தர யாராலும் முடியாது என்பதால், அமெரிக்க நெறியைக் கேலி செய்பவர்களோடு சேரவும் மாட்டேன்.

மாற்றுக் கருவிகளைப் பற்றிச் சுருக்கமாக. ஈசிஜி ஒட்டுகளின் வழியாகவே மார்பின் மின்தடையை அளந்து மூச்சு எண்ணிக்கை காட்டும் வசதி பல மானிட்டர்களில் இலவசமாகவே இருக்கிறது. மேலே சொன்ன நோயாளியிடம் அது இயல்பான எண்ணிக்கையையே காட்டியிருக்கும், ஏனென்றால் அடைபட்ட தொண்டையோடு மார்பு அசைந்துகொண்டுதான் இருந்தது; வயிற்றை அழுத்தும் கையையும் அது மூச்சாக எண்ணும். அதை நம்ப வேண்டாம். நெற்றியில் ஒட்டி மூளை மின்னலைகளை 0 முதல் 100 வரையான எண்ணாக மாற்றும் பிஸ் கருவி, அறுவை அரங்கில் 40 முதல் 60 வரை வைத்துக்கொள்ளப் பயன்படுவது. விநாடிக்கு விநாடி ஆழம் மாறும் கொலோனோஸ்கோபியில் அது கணக்கிட்டு முடிப்பதற்குள் நிலைமை மாறிவிடும், நெற்றித் தசை அசைந்தாலும் எண் ஏறும். மூச்சு, ஆக்சிஜன், நாடித்துடிப்பு எல்லாவற்றையும் சேர்த்து 1 முதல் 10 வரை ஒரே மதிப்பெண்ணாகத் தரும் வசதி சில கேப்னோகிராஃப்களில் உண்டு. தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு உதவும், பக்கத்தில் இருப்பவர் அலையைப் பார்ப்பதே மேல்.

செடாசிஸ் என்ற இயந்திரத்தையும் இங்கே நினைவுகூர வேண்டும். ஜான்சன் அண்ட் ஜான்சன் குழுமம் உருவாக்கி, 2013-இல் அமெரிக்க மருந்து நிர்வாகத்தின் ஒப்புதல் பெற்ற இது, ஆரோக்கியமான வயதுவந்தவர்களுக்கு வழக்கமான கொலோனோஸ்கோபியின்போது புரோபோஃபாலைத் தானே கணக்கிட்டுச் செலுத்தியது. காதில் ஒரு குரல் பேசும், கையிலுள்ள பிடி அதிரும், நோயாளி அதை அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் மருந்தைக் கூட்டாது, ஆக்சிஜன் குறைந்தாலோ மூச்சு நின்றாலோ செலுத்துவதை நிறுத்திவிடும். கேப்னோகிராஃபும் அதற்குள் இருந்தது. போதிய விற்பனை இல்லாமல் 2016-இல் அதை நிறுத்திவிட்டார்கள். தாடையைத் தூக்கக் கை இல்லாத இயந்திரம் என்று என் சகாக்கள் அதைக் கிண்டல் செய்ததுண்டு. ஆனால் பதில் சொல்கிறாரா என்று நோயாளியிடமே இடைவிடாமல் கேட்டுக்கொண்டிருந்த அந்த ஏற்பாட்டை நான் மதிக்கிறேன்.

காரணம், கேப்னோகிராஃப் மயக்கத்தின் ஆழத்தை அளப்பதே இல்லை. அது மயக்கம் மூச்சுக்கு என்ன செய்தது என்பதை மட்டும் காட்டுகிறது. ஆழத்தை அளக்க இன்றும் குரலும் விரலும்தான்: பெயரைச் சாதாரணமாகக் கூப்பிட்டால் பதில் வருகிறதா, உரக்கக் கூப்பிட்டால்தான் வருகிறதா, தோளைத் தட்டி உலுக்க வேண்டியிருக்கிறதா, தோள் தசையைக் கிள்ளினால்தான் அசைகிறாரா என்று 5-இலிருந்து 0 வரை இறங்கும் அளவுகோல் ஒன்று உண்டு. அதில் 3-க்குக் கீழே போனவர் ஆழ்மயக்கத்தை நெருங்கிவிட்டார். அந்த நேரத்தில் அவரைக் கவனிப்பவருக்கு வேறு எந்த வேலையும் இருக்கக்கூடாது என்பது நெறி. பாலிப் எனும் குடல் சதை வளர்ச்சியை எடுக்கும்போது கம்பிச் சுருக்கை நீட்டவும், மாதிரிப் புட்டியில் பெயர் எழுதவும், வயிற்றை அழுத்தவும் அதே செவிலியரையே ஏவும் அறையில், எவ்வளவு விலையுயர்ந்த கருவி வைத்தாலும் அதன் அலை யாருமில்லாத திரையில் ஓடும். கருவி வாங்கும் பணத்துக்கும் ஒரு ஆளின் சம்பளத்துக்கும் இடையில் தேர்வு வந்தால், ஆளைத்தான் தேர்ந்தெடுக்கச் சொல்வேன்.

அழுத்தப் பட்டையைப் பற்றி ஒரு துணைச் செய்தி. இடப்பக்கம் சாய்ந்தவரின் மேலே இருக்கும் வலக்கையில் பட்டை கட்டினால், கை இதயத்துக்கு மேலே உயர்ந்திருப்பதால் அளவு குறைவாகக் காட்டும். ஒவ்வொரு 10 செ.மீ. உயரத்துக்கும் 7 முதல் 8 மி.மீ. வரை குறையும். அதைப் பார்த்துப் பதறி சலைன் ஏற்றுபவர்களைக் கண்டிருக்கிறேன். குடல் இழுபடும்போது, இதயத் துடிப்பைத் தணிக்கும் வேகஸ் நரம்பு தூண்டப்பட்டு நாடித்துடிப்பு திடீரெனக் குறைவது உண்மையான சிக்கல். ஸ்கோப்பைச் சற்றுத் தளர்த்தச் சொன்னாலே பெரும்பாலும் சரியாகிவிடும், துடிப்பை ஏற்றும் அட்ரோப்பின் மருந்து கையருகே இருக்க வேண்டும்.

பரிசோதனை முடிந்ததும் குழாயைக் கழற்றி எறிவது எல்லா இடங்களிலும் நான் காணும் பழக்கம். ஸ்கோப் வெளியே வந்துவிட்டால் தூண்டுதல் எல்லாம் நின்றுவிடுகிறது. விளக்கைப் போட்டு, போர்வையை இழுத்துவிட்டு, தள்ளுவண்டியில் மீட்பு அறைக்கு அனுப்பும் அந்த நேரத்தில் மருந்து இன்னும் உடலில் இருக்கிறது. மிடாசோலத்தை முறிக்க ஃபுளூமசெனில் கொடுத்தவர்களிடம் இன்னும் கவனம் வேண்டும், ஏனென்றால் முறிக்கும் மருந்து மிடாசோலத்துக்கு முன்பே தீர்ந்துபோய், நோயாளி மறுபடி ஆழ்ந்துவிடக்கூடும். புரோபோஃபாலுக்கு முறிமருந்தே கிடையாது. காத்திருப்பதும் மூச்சைத் தாங்குவதும்தான் வழி. ஆகவே பேட்டரியில் இயங்கி, தள்ளுவண்டியோடு மீட்பு அறைவரை கூடவே போகும் மாடலையே நான் பரிந்துரைப்பேன். அங்கே அசைவு, மூச்சு, இரத்த அழுத்தம், விழிப்பு, ஆக்சிஜன் ஆகிய ஐந்துக்கும் தலா 2 என்று 10-க்கு மதிப்பெண் போடும் ஆல்ட்ரீட் முறை வழக்கத்தில் இருக்கிறது. 9 வந்த பிறகு குழாயைக் கழற்றினால் போதும்.

பரிசோதனைக்குப் போகவிருப்பவர்கள் கருவியின் பெயரை மனப்பாடம் செய்துகொண்டு போக வேண்டியதில்லை. மயக்கம் கொடுப்பவர் யார், அவருக்கு அந்த நேரத்தில் வேறு வேலை உண்டா, மூச்சை எதனால் கண்காணிப்பீர்கள் என்று கேட்கலாம். கேட்பது உங்கள் உரிமை. அதைவிட முக்கியம், குறட்டை விடும் பழக்கம், தூக்கத்தில் மூச்சு நிற்பதாக வீட்டார் சொன்னது, தினமும் எடுக்கும் தூக்க மாத்திரை, மது, முன்பு மயக்கத்தில் ஏற்பட்ட தொல்லை ஆகியவற்றை மறைக்காமல் சொல்வது.

இரண்டு அறைகளும் ஒரே ஒரு கேப்னோகிராஃபும் உள்ள பிரிவுகள் பல. அப்படிப்பட்ட இடத்தில் அதை மூத்த மருத்துவரின் அறையில் நிரந்தரமாகப் பூட்டி வைப்பது வழக்கமாக இருக்கிறது. அதை நான் ஒப்புக்கொள்வதில்லை. காலையில் பெயர்ப்பட்டியல் வந்ததும் கனத்த உடலுடையவர்கள், குறட்டை விடுபவர்கள், நுரையீரல் நோய் உள்ள முதியவர்கள், பெரிய பாலிப் எடுப்பதற்காக நெடுநேரம் ஆழ்மயக்கத்தில் இருக்கப்போகிறவர்கள் ஆகியோரைக் குறித்துக்கொண்டு, அவர்களை ஒரே அறையில் வரிசைப்படுத்தி, கருவியை அந்த அறைக்கு அனுப்ப வேண்டும். அடுத்த அறையில் மிடாசோலத்தோடு, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் தரும் நிலையில் இருப்பவர்களுக்கு, தலைமாட்டில் உட்கார்ந்து அவர்களோடு பேசிக்கொண்டே இருக்கும் ஒரு செவிலியரும், சரியான கையில் மாட்டிய பல்ஸ் ஆக்சிமீட்டரும் போதும்.